குடியை நிறுத்த முடிவு பண்ணிட்டீங்களா? முதல் நாள்ல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் பண்ண வேண்டியது

குடிய விடணும், ஆனா எங்க போறது, யார்கிட்ட கேக்கறது, வேலைக்கு லீவு போடணுமா, வீட்ல என்ன சொல்றதுன்னு ஒண்ணும் புரியாம இருக்கறவங்களுக்காக இத எழுதறேன். அவங்க பொண்டாட்டி, அம்மா, அண்ணன் தம்பி படிச்சாலும் நல்லதுதான். நான் டாக்டர் இல்ல. குடிய விட்டு ரொம்ப வருஷமா, குடிய விட்டவங்க கூடற ஏ.ஏ. மீட்டிங் போயிட்டு இருக்கேன், புதுசா வர்றவங்கள ஓ.பி.க்கு கூட்டிட்டு போறது, சாயங்காலம் அவங்க ஃபோன் பண்ணா எடுத்து பேசறது, இதுதான் எனக்கு தெரிஞ்ச வேலை. மருந்து விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான் கடைசி.

ஒண்ண மட்டும் முதல்லயே சொல்லிடறேன். சரக்க நிறுத்தறது ஒரு வாரத்து வேலை, அதுக்கு ஆஸ்பத்திரி இருக்கு, மாத்திரை இருக்கு. நிறுத்தினத காப்பாத்தறது தான் பெரிய வேலை, அதுக்கு ஆளுங்க வேணும். மன உறுதி இருந்தா போதும்னு யாரோ சொன்னத கேட்டு ரூம் கதவ சாத்திட்டு பல்ல கடிச்சுட்டு உக்காந்தவங்க நெறைய பேர பாத்துட்டேன், ரெண்டு வாரம் மூணு வாரம் தாங்கும், ஒரு சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும், அதோட முடிஞ்சுது. கீழ இருக்கறதுல எத விட்டாலும் ஆளுங்கள சேத்துக்கற பகுதிய மட்டும் விட்டுடாதீங்க.

மொதல்ல டாக்டர், அப்புறம்தான் நிறுத்தறது

எப்பவாவது குடிக்கறவங்களுக்கு இது அவ்வளவா பொருந்தாது. தினமும் குடிக்கறவங்க, அதுலயும் காலைல எந்திரிச்சதும் கை நடுங்குது, டீ கிளாஸ ரெண்டு கையாலயும் பிடிச்சாதான் சிந்தாம வாய்க்கு போகுது, ஒரு கட்டிங் போட்டாதான் நடுக்கம் நிக்குதுன்னு இருக்கறவங்க, தயவு செஞ்சு இன்னைக்கு ராத்திரியோட நிறுத்தறேன்னு தனியா முடிவெடுக்காதீங்க. வருஷக்கணக்கா மது மூளைய அமுக்கிட்டே இருந்ததால மூளையும் அதுக்கு எதிரா வேகமா ஓடி ஓடி பழகியிருக்கும், மது திடீர்னு நின்னா அந்த வேகம் மட்டும் அப்படியே மிஞ்சும். கடைசியா குடிச்சதுல இருந்து 6 மணி நேரத்துலயே நடுக்கம், வேர்வை, வாந்தி, படபடப்பு ஆரம்பிக்கலாம். 6ல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள சிலருக்கு வலிப்பு வரும். ரெண்டு மூணு நாள் கழிச்சு சிலருக்கு புத்தி தடுமாறும், எந்த ஊர்ல இருக்கோம்னே தெரியாது, சுவத்துல பூச்சி ஊருது, கட்டில்ல பாம்பு இருக்குன்னு கத்துவாங்க, இல்லாத ஆள்கூட பேசுவாங்க, காய்ச்சலும் வேர்வையுமா இருப்பாங்க. இந்த கட்டத்துல நம்ம ஊர்ல என்ன நடக்குதுன்னா, பேய் புடிச்சிருக்கு, காத்து கருப்பு அண்டிருச்சுன்னு மந்திரிக்க கூட்டிட்டு போயிடறாங்க, உயிர் போற நிலைமை இது, 108க்கு அடிச்சு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு போகணும்.

மாலை போடறவங்களுக்கு இத தனியா சொல்லணும். கார்த்திகை 1ம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டு அன்னையோட குடிய நிறுத்தறவங்க ஊருக்கு ஊரு இருக்காங்க, நல்ல எண்ணம்தான், விரதம் இருக்கற அத்தன நாளும் சுத்தி சாமிமார் இருக்கறதால அந்த கட்டுப்பாடு நிக்கவும் செய்யுது. ஆனா முந்தின நாள் வரைக்கும் முழு பாட்டில் குடிச்சவர் மாலை போட்ட ரெண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தா அது சாமி குத்தம் இல்ல, உடம்பு மதுவ தேடற அறிகுறி. மாலை போடறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே டாக்டர பாத்து மாத்திரையோட நிறுத்திட்டு அப்புறமா போடுங்க. அதே மாதிரி மாலை கழட்டற அன்னைக்கு யார் கூட இருக்கப் போறோம்னு மலை ஏறறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க. கீழ இறங்கி வர்ற வேன்லயே பாட்டில் தெறக்கற கோஷ்டி இருக்கும், அந்த வேன்ல வராதீங்க.

எங்க போறதுன்னு கேட்டீங்கன்னா, உங்க மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயோ மாவட்ட தலைமை ஆஸ்பத்திரியிலயோ மனநலப் பிரிவு இருக்கும், அங்கதான் இதுக்கு பாப்பாங்க, காசு கிடையாது. மனநலப் பிரிவுன்னதும் கூச்சப்படாதீங்க, ஓ.பி. வரிசையில பாதி பேர் உங்கள மாதிரி குடிக்காகத்தான் வந்திருப்பாங்க. 2025ல கலங்கரைங்கற பேர்ல அரசு ஆஸ்பத்திரிகள்ல போதை மீட்பு மையங்களும் தெறந்திருக்காங்க, உங்க ஊர் ஆஸ்பத்திரியில இருக்கான்னு கேளுங்க. சென்னைல கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கு, அடையாறு இந்திரா நகர்ல 1980ல சாந்தி ரங்கநாதன் அம்மா ஆரம்பிச்ச டி.டி.கே. ஆஸ்பத்திரி இருக்கு, குடிநோய்க்குன்னே நடத்தறது. எங்க போறதுன்னே தெரியலன்னா 14416க்கு ஃபோன் பண்ணுங்க, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், ராத்திரியும் எடுப்பாங்க. போதை விஷயத்துக்குன்னே மத்திய அரசோட 14446 இருக்கு, நம்ம தமிழ்நாட்டு மருத்துவ உதவி எண் 104ம் இருக்கு.

காலைல சீக்கிரம் போங்க, ஆதார், பழைய ரிப்போர்ட், இப்ப சாப்பிடற சுகர் பி.பி. மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக்கோங்க, கூட வீட்டு ஆள் ஒருத்தர் கண்டிப்பா வரணும். டாக்டர் எவ்வளவு குடிப்பீங்கன்னு கேட்டா பாதியா கொறச்சு சொல்ற பழக்கம் நம்ம எல்லாருக்கும் உண்டு, இங்க மட்டும் அது வேணாம். ஒரு குவார்ட்டர்னா 180 மில்லி, அதுல சுத்தமான ஆல்கஹால் மட்டுமே கிட்டத்தட்ட 60 கிராம், நீங்க ரெண்டு குவார்ட்டர ஒரு கட்டிங்னு (அரை குவார்ட்டர்) சொன்னா டாக்டர் எழுதற மாத்திரை அளவும் அதுக்கு தக்கபடி கொறஞ்சு போயி நடு ராத்திரி வலிப்பு வரும். கடைசியா எப்ப குடிச்சீங்க, முன்னாடி நிறுத்தினப்ப வலிப்பு வந்துச்சா, கீழ விழுந்து தலைல அடிபட்டுச்சா, இந்த மூணையும் அவர் கேக்கலன்னாலும் நீங்களே சொல்லுங்க. முன்னாடி வலிப்போ புத்தி தடுமாற்றமோ வந்தவங்கள பெட்லதான் சேப்பாங்க, மத்தவங்களுக்கு வீட்லயே மாத்திரை குடுத்து நாளுக்கு நாள் அளவ கொறச்சு ஒரு வாரம் பத்து நாள்ல நிறுத்திடுவாங்க. அந்த மாத்திரை குடிய நிறுத்தறவர் கையில இருக்க வேணாம், வீட்ல ஒருத்தர் வச்சிருந்து வேளா வேளைக்கு குடுக்கணும். மாத்திரையும் போட்டு சரக்கும் போட்டா மூச்சு நின்னு போற அபாயம் இருக்கு.

வைட்டமின் பி1 ஊசி போடுவாங்க, வேணாம்னு சொல்லாதீங்க. நெறைய குடிக்கறவங்க உடம்புல அந்த சத்து சுத்தமா வத்தி போயிருக்கும், அந்த நேரத்துல வெறும் குளுக்கோஸ மட்டும் ஏத்தினா மூளைக்கே பாதிப்பு வரலாம். தெரு முனை கிளினிக்ல டிரிப்ஸ் போடப் போனாகூட, நான் தினமும் குடிக்கறவன், பி1 போட்டுட்டு குளுக்கோஸ் போடுங்கன்னு வாய் விட்டு சொல்லிடுங்க.

பிரைவேட் சென்டர்ல சேக்கறதுக்கு முன்னாடி

மறுவாழ்வு மையம்னு போர்டு மாட்டினதெல்லாம் ஒண்ணு இல்ல. ராத்திரி வேன்ல வந்து நாலு பேர் ஆள தூக்கிட்டு போறது, அடிக்கறது, சங்கிலி போடறது, மூணு மாசம் வீட்டு ஆள பாக்க விடாம வைக்கறது, இதெல்லாம் நடக்குது, அப்படி ஒரு எடத்துல இருந்து வந்த ஒரு தம்பி முதுகுல இருந்த தழும்ப நான் பாத்திருக்கேன், அவன் வெளிய வந்த அன்னைக்கே குடிச்சான். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல குடி, போதை பிரச்சனையும் வருது, அந்த சட்டப்படி மையம் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கணும், சங்கிலி போடறது தடை. அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி பதிவு சான்றிதழ காட்ட சொல்லுங்க, மனநல டாக்டர் வாரத்துல எத்தன நாள் வர்றார், வீட்டு ஆளுங்க எப்ப பாக்கலாம்னு கேளுங்க, உள்ள போயி கக்கூஸும் சமையல்கட்டும் பாக்கணும்னு கேளுங்க. காட்ட மாட்டேன்னா கெளம்பி வந்துடுங்க.

சாயங்காலத்துக்கு ஆள் பிடிக்கறது

உடம்புல இருந்து சரக்கு எறங்கி முகம் தெளிஞ்சு வீட்ல எல்லாரும் சந்தோஷமா இருக்கறப்பதான் இந்த கட்டம் வருது. குடிக்கறவனுக்கு சாயங்காலம் 6 மணிக்கு கால் தன்னால கடை பக்கம் நடக்கும். கடை மத்தியானம் 12ல இருந்து ராத்திரி 10 வரைக்கும் தெறந்திருக்கு, அத்தன நேரத்தையும் காவல் காக்க முடியாது, ஆனா உங்க நேரம் எதுன்னு உங்களுக்கு தெரியும், வேலை முடிஞ்சு வீட்டுக்கு போறதுக்கு நடுவுல இருக்கற அந்த ஒரு மணி ரெண்டு மணி நேரம். அத யாரோட, எங்க கழிக்கறதுங்கறத கிழமை வாரியா இப்பவே ஒரு பேப்பர்ல எழுதுங்க. திங்கள் மீட்டிங், செவ்வாய் மச்சானோட அவர் கடையில, புதன் பையனோட டியூஷன் வாசல்ல, இப்படி ஆள் பேரோட எழுதுங்க. வாக்கிங் போவேன், டிவி பாப்பேன்னு ஆளே இல்லாம எழுதின கிழமைதான் மொதல்ல ஒடையும்.

அப்புறம் ஃபோன்ல அஞ்சு நம்பர மேல வர்ற மாதிரி சேவ் பண்ணிக்கோங்க. அதுல கொறஞ்சது ரெண்டு நம்பர் குடிய விட்டவங்களோடதா இருக்கணும், ஏன்னா வீட்டு ஆள்கிட்ட, எனக்கு இப்ப குடிக்கணும் போல இருக்குன்னு சொன்னா அவங்களுக்கு பயமோ கோபமோதான் வரும், குடிய விட்டவருக்கு அது தெரிஞ்ச சங்கதி, சரி எங்க நிக்கறீங்க, சாப்ட்டீங்களா, பக்கத்துல என்ன கடை இருக்கு, போயி ஒரு லெமன் ஜூஸ் குடிங்க நான் லைன்லயே இருக்கேன்னு சொல்லுவார். அந்த ஆசை உச்சத்துல நிக்கறது பெரும்பாலும் பதினஞ்சு நிமிஷம், அரை மணி நேரம்தான், அதுக்கப்புறம் தானா எறங்கிடும். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் அந்த அஞ்சு நம்பர். கூப்பிடறதுக்கு முன்னாடி உங்களயே கேட்டுக்க வேண்டியது நாலு: பசியா, கோபமா, தனியா இருக்கேனா, ஒடம்பு அசதியா. பாதி நேரம் பசியாத்தான் இருக்கும், ரெண்டு இட்லி உள்ள போனதும் சரக்கு நெனப்பு பாதி கொறஞ்சுடும்.

மீட்டிங்க்கு முதல் தடவ போறவங்களுக்கு

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமா ஏ.ஏ. 1935ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கற ஊர்ல குடிய விட முடியாம தவிச்ச ரெண்டு பேர் ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுட்டு ஆரம்பிச்சது, இன்னைக்கு சென்னை, மதுரை, கோவை, திருச்சி, தூத்துக்குடின்னு நம்ம பக்கம் எல்லாம் தமிழ்லயே நடக்குது. கட்டணம் இல்ல, ஃபாரம் இல்ல, ஆதார் கேக்க மாட்டாங்க. குடிய விடணும்ங்கற எண்ணம் இருந்தா போதும்.

உள்ள என்ன நடக்கும்னு தெரியாததாலதான் பாதி பேர் வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பி போறாங்க, அதனால அப்படியே சொல்றேன். ஸ்கூல் க்ளாஸ் ரூம், சர்ச் பக்கத்து ஹால், இப்படி வாடகை கம்மியான எடமா இருக்கும், சர்ச்சுல நடக்கறதால மதம் மாத்தறாங்கன்னு பயப்படாதீங்க, எடம் குடுக்கறாங்க அவ்வளவுதான். பிளாஸ்டிக் சேர் வட்டமாவோ வரிசையாவோ போட்டிருக்கும், பதினஞ்சு இருபது பேர், லுங்கில ஒருத்தர், பேண்ட் சட்டை இன் பண்ணினவர் ஒருத்தர், ஆட்டோ காக்கி சட்டையோட ஒருத்தர். ஒரு நிமிஷம் மௌனம், ஒரு சின்ன வேண்டுதல், அப்புறம் ஒருத்தர் ஒருத்தரா எந்திரிச்சு பேர சொல்லி, நான் ஒரு குடிநோயாளின்னு சொல்லி தன் கதைய சொல்லுவாங்க. யாரும் நடுவுல குறுக்க பேச மாட்டாங்க, யாரும் உங்களுக்கு அட்வைஸ் பண்ண மாட்டாங்க. உங்க முறை வந்தா, இன்னைக்கு கேக்கத்தான் வந்தேன்னு சொல்லிட்டு உக்காந்துக்கலாம், ஒண்ணும் தப்பில்ல. நடுவுல டீ வரும், முதல் தடவ வர்றவங்களுக்கு பாதி கிளாஸ்தான் ஊத்திக் குடுப்பாங்க பாருங்க, கை நடுங்கும்னு அங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். கடைசில ஒரு பை சுத்தி வரும், இஷ்டம் இருந்தா பத்து ரூபா போடலாம், புதுசா வர்றவங்க போட வேண்டாம்னே சொல்லிடுவாங்க. ஒண்ணு ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுடும்.

ஆனா முடிஞ்சதும் ஓடிடாதீங்க. ஹால் வாசல்ல செருப்பு மாட்டிட்டு நிக்கற அந்த பத்து நிமிஷம் ரொம்ப முக்கியம், அங்கதான் நம்பர் கிடைக்கும். உங்க ஏரியா பக்கம் இருக்கறவரா பாத்து ரெண்டு நம்பர் வாங்கிட்டு அன்னைக்கு ராத்திரியே ஒரு ஃபோன் பண்ணிடுங்க, சும்மா வீட்டுக்கு வந்துட்டேன் அண்ணேன்னு சொல்லுங்க போதும். கஷ்டமில்லாத நாள்ல ஃபோன் பண்ணி பழகியிருந்தாதான் கஷ்டமான நாள்ல கை அந்த நம்பர தேடும். கொஞ்ச நாள் போனதும் அதுல ஒருத்தர ஸ்பான்சரா கேட்டுக்கலாம், ஸ்பான்சர்னா காசு குடுக்கறவர் இல்ல, முன்னாடி அந்த வழியில நடந்து போனவர், உங்களுக்கு கை குடுக்கறவர். முதல் 3 மாசம் முடிஞ்ச வரைக்கும் தினமும் மீட்டிங் போங்க, உள்ளூர்ல தினமும் இல்லன்னா ஃபோன்லயே ஆன்லைன் மீட்டிங் இருக்கு.

சாமி பேச்சு வருதேன்னு கருப்புச் சட்டைக்காரங்க தயங்கறத பாத்திருக்கேன். அவங்க சொல்றதுலயே, அவரவர் புரிஞ்சுகிட்ட விதத்துல கடவுள்னு தான் இருக்கு, கடவுள் நம்பிக்கையே இல்லாம அந்த குழுவயே தனக்கு மேல இருக்கற சக்தியா வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா சோபரா, அதாவது குடிக்காம இருக்கறவங்க உண்டு. அப்பவும் ஒத்து வரலன்னா ஆஸ்பத்திரியிலயே நடக்கற ஃபாலோ அப் குரூப்ல சேருங்க, குழு எதுவோ ஒண்ணு வேணும். இது நம்பிக்கை விஷயம் மட்டும் இல்ல, 2020ல காக்ரேன் ஆய்வுக் குழு 27 ஆய்வுகள, பத்தாயிரம் பேருக்கு மேல உள்ள விவரத்த சேத்து பாத்து, ஏ.ஏ. வழியும் அதுக்கு அனுப்பி வைக்கற சிகிச்சையும் மத்த சிகிச்சைகளுக்கு கொறைஞ்சதில்ல, முழுசா குடிக்காம இருக்கற விஷயத்துல அதவிட மேலாவே இருக்குன்னு சொல்லியிருக்காங்க. நம்ம ஊர் உதாரணமே இருக்கு, டி.டி.கே. ஆஸ்பத்திரிக்காரங்க 80கள் கடைசியில இருந்து தஞ்சாவூர் பக்கம் மஞ்சக்குடியில கேம்ப் போட்டாங்க, ஆள பட்டணத்துக்கு கூட்டிட்டு வராம ஊருக்குள்ளயே வச்சு மருத்துவம் பாத்து, ஊர்க்காரங்களும் அதுல கை கோத்துக்கற மாதிரி. தன் ஊர்லயே விட்டவருக்கு தன் ஊர்லயே ஆள் இருக்கும்.

பொம்பளைங்க குடி பத்தி யாரும் பேசறதே இல்ல, அதனால அவங்க சிகிச்சைக்கு வர்றப்ப ஈரல் பாதி போயிருக்கும். பொம்பளைங்க உடம்புக்கு கொறஞ்ச அளவுலயே, கொறஞ்ச வருஷத்துலயே பாதிப்பு வந்துடும். உள்ளூர் மீட்டிங்ல எல்லாம் ஆம்பளைங்களா இருக்காங்கன்னா பெண்கள் மட்டும் கலந்துக்கற ஆன்லைன் மீட்டிங் இருக்கான்னு கேளுங்க, இல்ல 14416ல ஒரு பெண் கவுன்சிலர் வேணும்னு கேளுங்க. வெக்கப்பட வேண்டியது நீங்க இல்ல அக்கா, இது நோய்.

கல்யாணம், எழவு, சம்பள நாள்

வேணாம்னு சொல்ற வார்த்தைய முன்னாடியே வாய்க்கு பழக்கி வைங்க. "மாப்ள, மாத்திரை சாப்பிடறேன், சேந்தா ஆள் காலி, டாக்டர் சொல்லிட்டார்" இது போதும், இதுக்கு மேல விளக்கம் வேணாம். "நான் திருந்திட்டேன்"னு ஆரம்பிச்சா அவன் ஒரு மணி நேரம் வாதம் பண்ணி ஒரு கட்டிங்க உங்க கையில திணிச்சுடுவான். மூணாவது தடவயும் வற்புறுத்தறவன் முன்னாடி நிக்காதீங்க, ஃபோன காதுல வச்சுட்டு வெளிய வந்துடுங்க.

கல்யாணத்துக்கு போனா முகூர்த்தத்துக்கு போயி சாப்ட்டு வந்துடுங்க, முந்தின நாள் ராத்திரி ரிசப்ஷனுக்கு பின்னாடி மாடில நடக்கறது நமக்கு வேணாம். எழவு வீடு இன்னும் கஷ்டம், தூக்கமில்ல, சாப்பாடு இல்ல, மனசு ஒடைஞ்சிருக்கும், பறை சத்தம் கேக்கும், பாட்டில் கேக்காமயே கைக்கு வரும், தவிர்க்கவும் முடியாது. சோபரா இருக்கற நண்பர் ஒருத்தர கூடவே கூட்டிட்டு போங்க, எடுத்ததும் அவரோடயே கெளம்பிடுங்க. கடா வெட்டு, எலக்‌ஷன் வேலை இந்த ரெண்டும் முதல் வருஷம் வேண்டாம்.

சம்பளம் கையில வாங்கறவங்க வீட்டுக்காரம்மாவயோ அண்ணனயோ சனிக்கிழமை சாயங்காலம் வேலை எடத்துக்கே வர சொல்லுங்க. ஜி.பே.ல வர்றதுன்னா அது போற அக்கவுண்ட் அவங்க ஃபோன்ல இருக்கட்டும் கொஞ்ச நாளைக்கு. வீட்டுக்கு போற வழிய மாத்துங்க, கடை வழியா போற பஸ்ஸ விட்டுட்டு சுத்திப் போற பஸ்ல ஏறுங்க. காசு கம்மியா இருக்கே, எங்கயோ காய்ச்சற சரக்கு கெடைக்குதேன்னு அந்த பக்கம் போயிடாதீங்க, 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க, பொழச்சவங்கள்ல கண்ணு போனவங்களும் உண்டு.

உடம்பு தேறறது

முதல் மாசம் உடம்பு உங்கள கொழப்பும். தூக்கம் வராது, வந்தாலும் கெட்ட கனவு, கனவுல குடிச்சுட்டு பதறி எந்திரிப்பீங்க, வாயில வாடை அடிக்கற மாதிரியே இருக்கும். இது எல்லாருக்கும் வர்றது, குடிச்சதா அர்த்தமில்ல. தூக்கம் ஒழுங்காக சில மாசம்கூட ஆகும், மெடிக்கல் ஷாப்ல தூக்க மாத்திரை நீங்களா வாங்காதீங்க, ஒரு பழக்கத்த விட்டுட்டு இன்னொண்ணுல மாட்டிக்கறதா ஆயிடும். சாயங்காலம் டீ காபிய கொறைங்க, படுக்கற நேரத்த மாத்தாதீங்க. இனிப்பு மேல ஆசை கன்னாபின்னான்னு வரும், சுகர் இல்லாதவங்க முதல் சில வாரம் கடலை மிட்டாய், வாழைப்பழம், பேரீச்சம்பழம்னு பாக்கெட்லயே வச்சுக்கோங்க.

சாப்பாட்டுக்கு பெரிய லிஸ்ட் எதுவும் வேணாம். குடிக்கறவங்க சோத்த விட்டுட்டு சைட் டிஷ்லயே வருஷம் ஓட்டியிருப்பாங்க, வயிறு சுருங்கியிருக்கும், அதனால கொஞ்சம் கொஞ்சமா அஞ்சு வேளையா சாப்பிடுங்க. காலைல கேழ்வரகு கஞ்சியோ இட்லியோ, பதினோரு மணிக்கு சுண்டல், மத்தியானம் சோறு, பருப்பு, கீரை, முட்டை, சாயங்காலம் வேர்க்கடலை, அந்த 6 மணிக்கு வயிறு காலியா இருக்கவே கூடாது. ஈரல் சுருங்கினவங்களுக்கு முட்டை பருப்பு ஆகாதுன்னு ஊர்ல சொல்லுவாங்க, அப்படி இல்ல, டாக்டர் தனியா நிறுத்த சொன்னா தவிர அவங்களுக்கு புரதம் அதிகமாவே வேணும், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் பாலோ ரெண்டு பிஸ்கட்டோ சாப்பிடறதும் நல்லது. வயித்துல நீர் கோத்தவங்க உப்ப கொறைக்கணும், ஊறுகா, கருவாடு, அப்பளம் வேணாம்.

ரத்த பரிசோதனைல எல்.எஃப்.டி. (ஈரல் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கற டெஸ்ட்), பிளேட்லெட், சுகர், ஹெபடைடிஸ் பி, சி பாருங்க, வயித்து ஸ்கேன் ஒண்ணு எடுங்க. ஈரல்ல கொழுப்பு மட்டும் படிஞ்சிருந்தா சுத்தமா நிறுத்தின சில வாரத்துலயே அது கரைய ஆரம்பிச்சுடும், பி.பி.யும் எறங்கும், ரெண்டு மாசம் கழிச்சு அதே லேப்ல அதே டெஸ்ட்ட எடுத்து பழைய ரிப்போர்ட்ட பக்கத்துல வச்சு பாருங்க, ஜி.ஜி.டி.ன்னு ஒரு வரி இருக்கும், குடியால ஏறற ஈரல் அளவு அது, அந்த எண் எறங்கினத பாக்கறப்ப வர்ற தெம்பு தனி. ஈரல் சுருங்கியே போயிருந்தா அது பழைய மாதிரி ஆகாது, ஆனா நிறுத்தினவங்க நிறுத்தாதவங்கள விட நிச்சயமா ரொம்ப நாள் நல்லா இருக்காங்க, அதனால இனிமே நிறுத்தி என்ன ஆகப் போகுதுன்னு விட்டுடாதீங்க. ரத்த வாந்தி, கருப்பா மலம், கண்ணு மஞ்சள், வயிறு வீங்கறது, பகல்லயே தூங்கி வழிஞ்சு உளர்றது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி.

தலைவலிக்கு பாராசிட்டமால நீங்களா அடுக்கடுக்கா போடாதீங்க, எவ்வளவு போடலாம்னு கேட்டுக்கோங்க. கீழாநெல்லி, லேகியம், அரிஷ்டம் எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு சாப்பிடுங்க, அரிஷ்டத்துல புளிக்க வச்சதால ஆல்கஹால் இருக்கு, சில இருமல் மருந்துலயும் இருக்கு. பீடி சிகரெட்ட அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லுவாங்க, முடிஞ்சா அதையும் சேத்தே விடுங்க, 1800-11-2356ல அதுக்கு இலவசமா உதவி பண்றாங்க.

ஆசைய கொறைக்கற மாத்திரை

நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிராம்னு மாத்திரைகள் இருக்கு. முதல் ரெண்டும் குடி ஆசைய கொறைக்கறதுக்கு, ஈரல், கிட்னி எப்படி இருக்குன்னு பாத்துதான் எது ஒத்துக்கும்னு டாக்டர் எழுதுவார். டைசல்ஃபிராம் வேற ரகம், அத போட்டுட்டு குடிச்சா முகம் செவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, பி.பி. எறங்கி உயிரே போகலாம், மாத்திரைய நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும்கூட அந்த வேலைய காட்டும். குடிக்கறவருக்கு தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுங்கன்னு விளம்பரம் போட்டு விக்கறாங்களே, அதுல என்ன இருக்குன்னே உங்களுக்கு தெரியாது, அத வாங்கி குழம்புல கலக்காதீங்க அம்மா. அவருக்கு தெரிஞ்சு, அவர் சம்மதிச்சு, டாக்டர் எழுதி, தினமும் உங்க முன்னாடி போட்டாதான் அது மருந்து.

வீட்டு ஆளுங்களுக்கு

பழைய கணக்க எல்லாம் முதல் மாசத்துலயே எடுக்காதீங்க, எடுக்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கு, ஆனா அந்த நேரம் அவர் காதுல எதுவும் ஏறாது. தினமும் வாய மோந்து பாக்கறது, சட்டை பையில தேடறது ரெண்டு பேரையும் கொன்னுடும், அதுக்கு பதிலா மாத்திரை வேளையும் மீட்டிங் நாளையும் மட்டும் பேசி வச்சுக்கோங்க. கடன அடைக்காதீங்க, முதலாளிக்கு ஃபோன் பண்ணி காய்ச்சல்னு பொய் சொல்லாதீங்க. உங்களுக்கும் ஆள் வேணும், அல் அனான்னு குடும்பத்துக்காரங்களுக்குன்னே மீட்டிங் இருக்கு, அவர் குடிய விட்டாலும் விடலன்னாலும் நீங்க போகலாம். அடி விழுதுன்னா பொறுத்துட்டு இருக்காதீங்க, பெண்கள் உதவி எண் 181க்கு ஃபோன் பண்ணுங்க.

நடுவுல ஒரு தடவ குடிச்சுட்டா

நெறைய பேருக்கு நடக்கும். ஒரு கட்டிங் உள்ள போனதும், போச்சு, எல்லாம் போச்சு, இனி என்னன்னு அந்த நினைப்புல அடிக்கறதுதான் ஒரு வாரத்துக்கு இழுத்துட்டு போகும். கிளாஸ வச்சுட்டு அந்த எடத்த விட்டு நகருங்க, அந்த அஞ்சு நம்பர்ல ஒருத்தருக்கு ஃபோன் பண்ணி உள்ளத சொல்லுங்க, அடுத்த மீட்டிங்க்கு போங்க, அங்க யாரும் திட்ட மாட்டாங்க. டைசல்ஃபிராம் சாப்பிடறவங்களா இருந்தா மட்டும் யோசிக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க. நாள் கணக்கா திரும்ப குடிச்சிருந்தா மறுபடி தனியா நிறுத்தாதீங்க, இந்த தடவ வலிப்பு வர்ற வாய்ப்பு இன்னும் அதிகமா இருக்கும், பழைய ஓ.பி. சீட்டோட டாக்டர்கிட்டயே போங்க. அப்புறம் தெளிஞ்சதும் ஸ்பான்சரோட உக்காந்து முந்தின மூணு நாள ஓட்டி பாருங்க, மீட்டிங்க எப்ப விட்டீங்க, மாத்திரைய எப்ப நிறுத்தினீங்க, யாரோட சண்டை, பெரும்பாலும் கிளாஸ தொடறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஃபோன் பண்றத நிறுத்தியிருப்பீங்க. செத்துடலாம்னு தோணுச்சுன்னா தனியா இருக்காதீங்க, அந்த நிமிஷமே பக்கத்துல இருக்கறவங்கள கூப்பிடுங்க, 14416க்கு அடிங்க.

ஒரு வருஷம் ஆனதும்

ஒரு வருஷம் முடிஞ்சா மீட்டிங்ல பர்த்டேன்னு கொண்டாடுவாங்க, பொண்டாட்டி புள்ளைங்கள கூட்டிட்டு போங்க, அவங்களும் பேசலாம். அதுக்கப்புறம் மீட்டிங்க கொறைச்சுக்கலாம்னு தோணும், கொறைக்காதீங்க, சேர் போடற வேலை, டீ வாங்கற வேலை எதாவது ஒண்ண கையில எடுத்துக்கோங்க, உங்கள நம்பி ஒரு வேலை இருந்தா போயிடுவீங்க. புதுசா வர்றவங்களுக்கு நம்பர் குடுங்க. யாராவது வீட்டுக்கு வந்து பேச சொல்லி கூப்பிட்டா தனியா போகாதீங்க, சோபரா இருக்கற இன்னொருத்தர சேத்துட்டு ரெண்டு பேரா போங்க, அவர் போதையில இருந்தா வாதம் பண்ணாதீங்க, காலைல பேசலாம்னு நம்பர எழுதி வீட்ல குடுத்துட்டு வந்துடுங்க. பார்ல உக்காந்துட்டு, இங்க வந்து கூட்டிட்டு போண்ணேன்னு ஃபோன் பண்ணா உள்ள போகாதீங்க, எதிர்ல இருக்கற டீக்கடை பேர சொல்லி அங்க வர சொல்லுங்க.